முதலில் கற்றுக்கொடுங்கள், பிறகு தேர்ந்தெடுங்கள்

பள்ளி நாடகத்துக்குப் பாடவும் நடிக்கவும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்பறையைக் காலி செய்வார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்காருவார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து, தெரிந்த சினிமாப் பாட்டில் ஒரு பல்லவி பாடி, ஒரு வசனம் பேசிவிட்டுப் போவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். "சரி, அடுத்த ஆள்." மாலை மணி அடிப்பதற்குள் பெயர்ப் பட்டியல் தயாராகிவிடும். இந்த முறையைக் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளையின் திறமை தெரிவதில்லை. அவளுக்கு இதற்கு முன் யாராவது கற்றுக்கொடுத்தார்களா, இல்லையா என்பதுதான் தெரிகிறது.

பாட்டு வகுப்புக்குக் கட்டணம் கட்டிப் போகும் பிள்ளை, ஊர்க் கோவில் மேடையில் ஏற்கெனவே மைக் பிடித்த பிள்ளை, வீட்டில் கரோக்கி பெட்டி வைத்திருக்கும் பிள்ளை ஆகியோர் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அரசுப் பள்ளி என்பது மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடத்தப்படுகிற இடம். 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. வெற்றி பெறுகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருது. பாட்டும் கூத்தும் படிப்பைக் கெடுக்கும் என்று பேசிய பள்ளிக்கூடங்களில்கூட ஆர்மோனியம் தூசு தட்டப்பட்டது. அந்த நல்ல திட்டத்தின் வாசலிலேயே, யார் உள்ளே வருவது என்பதை ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

நான் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர இசை ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. என் அப்பா சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஜமாவில், அதாவது தெருக்கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசித்தவர். என் மாணவர்களில் கணிசமானவர்கள் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். அவர்களோடும் ஊர்ப் பிள்ளைகளோடும் சேர்ந்து எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போட்டோம். மலைக் கிராமத்துப் பெண்கள் கபடி அணி ஒன்று பொங்கல் போட்டிக்குக் கீழே இறங்கி வந்து ஆடுகிற கதை. அதற்கு ஆள் தேடியபோதுதான் நம்முடைய தேர்வு முறை எவ்வளவு பொருந்தாதது என்பது முழுதாகப் புலப்பட்டது.

காரணம், கபடி நாடகத்துக்குக் குரல் மட்டும் போதாது, கால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறவள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வர வேண்டும். இன்றைய விதிப்படி அதற்கு 30 நொடி. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலும், பெண்களுக்கு 2010இல் குவாங்சோவிலும் பதக்க விளையாட்டாக ஏறிய கபடிக்கு அடிப்படை இன்னும் அந்த மூச்சுதான். பாட்டுக்கும் அடிப்படை மூச்சுதான். ஓடிக்கொண்டே பாடும்போது அந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. ஓட்டத்துக்கு உடம்பு அடிக்கடி காற்றைக் கேட்கிறது. பாட்டுக்கு அதை நீட்டி நிறுத்தி மெதுவாக விட வேண்டும். நாற்காலிக்கு முன்னால் அசையாமல் நின்று ஒரு பல்லவி பாடச் சொல்லிவிட்டு, இவளால் கபடிக் களத்தில் பாட முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாட்டை வைத்துப் பாட்டு நாடகம் போடுவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1955 மே மாதம் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் 'டாம் யாங்கீஸ்' என்ற பேஸ்பால் நாடகம் ஏறியது. தன் செல்ல அணியான வாஷிங்டன் செனட்டர்ஸ், எப்போதும் ஜெயிக்கிற யாங்கீஸை ஒரு முறையாவது தோற்கடித்துவிடாதா என்று ஏங்கும் நடுவயது ரசிகர் ஒருவர், சாத்தானிடம் ஆன்மாவை விற்று இளம் ஆட்டக்காரனாக மாறும் கதை. ரிச்சர்ட் ஆட்லரும் ஜெர்ரி ராஸும் பாட்டு அமைத்தார்கள். பாப் ஃபாஸி ஆட்டம் அமைத்தார். 1,019 முறை மேடையேறியது, 1956இல் சிறந்த பாட்டு நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. இன்றைக்கும் அந்த ஊர்ப் பள்ளிகளும் ஊர் நாடகக் குழுக்களும் அதை விடாமல் போடுகின்றன. பந்து பிடிக்கிறவர்களாகவும் தோன்ற வேண்டும், பல குரலில் இசைந்து பாடவும் வேண்டும், குதித்து ஆடவும் வேண்டும் என்பதால் அதற்கு ஆள் தேர்வது அங்கேயும் லேசான காரியம் அல்ல.

அங்கே ஆடிஷன் என்றால் வழக்கம் என்ன தெரியுமா? பாட்டுக்கு, தனக்குப் பிடித்த பாட்டில் 16 தாளக்கட்டு பாட வேண்டும்; அரை நிமிடம் வரும். வசனத்துக்கு, அங்கேயே கொடுக்கும் தாளைப் பார்த்துப் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் நாமும் அப்படியே செய்கிறோம். ஆனால் ஆட்டத்துக்கு அவர்கள் செய்வதை நாம் கவனிக்கவே இல்லை. ஆட்ட ஆசிரியர் வந்திருக்கிற எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி, ஒரு சிறு ஆட்டத் தொடரை அந்த இடத்திலேயே கற்றுக்கொடுக்கிறார். எல்லாரும் அதே ஆட்டத்தைப் பழகிய பிறகு, சிறு சிறு குழுவாக ஆடவிட்டுப் பார்க்கிறார். யார் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் ஆடுகிறவரோடு எப்படி இணைகிறார்கள், தப்பு வந்தால் எப்படி மீள்கிறார்கள் என்று பார்க்கிறார். பிறகு சிலரை மறுபடி அழைத்து இரண்டாம் சுற்று. கற்றுக்கொடுத்துவிட்டுப் பார்ப்பது என்ற அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு நிமிடக் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை என்று இந்த வட்டாரம் முழுவதும் தெருக்கூத்து பூமி. கூத்து என்பது ஓர் இரவு முழுக்க ஓடுகிற பாட்டு நாடகம். அதில் யாரும் யாரையும் ஒரு நிமிடத்தில் தேர்ந்தெடுப்பதில்லை.

ஜமாவுக்கு வருகிற பையன் முதலில் சாமான் தூக்குவான். பிறகு திரை பிடிப்பான். திரைக்குப் பின்னால் நின்றபடி வேஷக்காரர் பாடும் பாட்டை ஒரு கை தூரத்தில் கேட்பான். அடுத்து ஜால்ரா தட்டுவான். தாளம் கையில் ஏறியதும், பின்னால் பெஞ்சில் உட்காரும் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து பின்பாட்டு பாடுவான். அதற்குள் பாட்டு பாதி மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு நாள் காவலாளி வேஷமோ தோழி வேஷமோ கட்டச் சொல்வார்கள். பல இரவுகள் போன பிறகுதான் ஸ்திரீ வேஷம், அதற்கும் பிறகு கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ராஜா வேஷம். இத்தனையையும் வாத்தியார் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தேர்வு நடக்கிறது என்பது பையனுக்கே தெரியாது. தெரியாததால் அவன் பயப்படுவதும் இல்லை.

என் அப்பா இருந்த ஜமாவின் வாத்தியாரிடம் ஒரு முறை, "யாருக்கு எந்த வேஷம்னு எதைப் பார்த்து முடிவு பண்ணுவீங்க ஐயா?" என்று கேட்டேன். "விடியக்காலம் நாலு மணிக்கு அவன் தொண்டை எப்படி இருக்குதுன்னு பாப்பேன் பாப்பா. சாயந்திரம் எல்லாருந்தான் நல்லா பாடுவானுங்க" என்றார். இதைவிட நல்ல தேர்வு விதியை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை.

விளையாட்டையும் பாட்டையும் ஒன்றாகச் சேர்ப்பதில் கூத்துக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமானதல்ல. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும் இரவில், நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். படிக்கு ஒரு பாட்டு. உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் கீழே நிற்கிற ஜனங்களுக்கு வீசுவார். உடம்பு உழைக்க உழைக்கக் குரலும் நிற்க வேண்டும். விராட பர்வத்தில் மாடுபிடி சண்டை, வில் வளைப்பில் மல்லுக்கட்டு, அபிமன்யு சண்டையில் இரவு முழுக்கச் சுழற்சி. மரக் கட்டைகளின் கனத்தோடு கிறிக்கி போட்டுச் சுழன்றுவிட்டு, நின்ற இடத்தில் அடுத்த அடியை எடுப்பார்கள்.

அது எப்படி முடிகிறது? பின்பாட்டினால் முடிகிறது. வேஷக்காரர் ஓர் அடி பாடுவார். பெஞ்சில் இருப்பவர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் ஆடுவார், சுழல்வார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிக் கொடுக்கும். தனி ஒருவனின் நெஞ்சுக்கூட்டை நம்பி எந்தக் கூத்தும் கட்டப்படவில்லை. எங்கள் கபடி நாடகத்தை நாங்கள் இந்த முறையில்தான் கட்டினோம். பாடிப் போகிறவள் ஓர் அடி பாடுவாள், களத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் அணி அதை வாங்கும். ஆட்டத்தை வர்ணனை செய்கிற அறிவிப்பாளர் வேஷத்துக்கு, கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரனின் பேச்சையும் நடையையும் கொடுத்தோம்.

இப்படிக் கட்டியதும் தேர்வின் பொருளே மாறிவிட்டது. யார் தனியாக நன்றாகப் பாடுகிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் அடுத்தவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. அதை வரிசையில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கவே முடியாது.

எனவே பெயர் கொடுத்த எல்லாருக்கும் சில வாரங்கள் ஒரே பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தேன். பி.டி. சார் எல்லாரையும் களத்தில் இறக்கினார். மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்து, நின்ற உடனே இரண்டு அடி பாடச் சொன்னோம். உட்கார்ந்து பாடும்போது வகுப்பையே அசத்திய ஒரு பெண்ணுக்கு ஓடி வந்ததும் சுருதி நழுவியது. பாட்டே வராது என்று தானே சொல்லிக்கொண்டிருந்த ஒரு கபடிக்காரப் பெண், மூச்சு நிலைப்பட்டதும் தெளிவாக அடியைப் பிடித்தாள். இருவருக்கும் நாடகத்தில் இடம் இருந்தது. முதலாமவள் அணியின் ஆத்தாவாகக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாடுகிற நீண்ட பாட்டைப் பாடினாள். இரண்டாமவள் பாடிப் போகிறவள் ஆனாள். ஒரு நிமிடத் தேர்வு வைத்திருந்தால் முதலாமவளை மூச்சுத் திணறும் வேஷத்தில் போட்டிருப்போம். இரண்டாமவளைக் கைதட்டும் கூட்டத்தில் உட்கார வைத்திருப்போம்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் இருந்து வருகிறவன், எட்டாம் வகுப்பு. வாயே திறக்க மாட்டான். ஒத்திகையில் ஒரு நாள் அறிவிப்பாளர் வேஷக்காரன் வரவில்லை. யார் இன்றைக்குப் படிப்பது என்று கேட்டபோது, இவன் தாள் இல்லாமலே முழுப் பகுதியையும் சொன்னான். தன்னுடையது மட்டும் இல்லை, எல்லார் வசனமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "எப்படிடா?" என்றால், "கேட்டுக்கிட்டே இருந்தேன் டீச்சர்" என்றான். திரை பிடிக்கிற பையன் கூத்தைக் கற்றுக்கொள்கிற வழி அதுதானே. இப்படிப்பட்ட பிள்ளையை மேசைக்கு முன்னால் நிறுத்தினால் தலை குனிந்து நிற்பான், நாம் "சரி, அடுத்த ஆள்" என்போம்.

ஆண் பிள்ளைகளின் தொண்டை விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் வயது. நேற்று ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவனுக்கு இன்று குரல் இரண்டாகப் பிளக்கும். மேலே போனால் கீச்சிடும், கீழே வந்தால் காற்றாகப் போகும். அந்த நேரத்தில் சினிமாப் பாட்டின் அசல் சுருதியில் பாடச் சொல்லித் தேர்வு வைப்பது அநியாயம். கூட்டத்துக்கு முன்னால் குரல் உடைந்து சிரிப்பு வாங்கிய பையன் பிறகு பல வருடம் பாட மாட்டான். சிலர் வாழ்நாளில் பாட மாட்டார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்று ஆளுக்கு ஆள் சுருதி மாறும். ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லும் முன், ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகளை அழுத்தி, எது அவனுக்குச் சௌகரியம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். தேர்வுக்கே ஒரு நிமிடம்தான் என்று வைத்துக்கொண்டால் இதை எப்படிச் செய்வது?

தமிழ் நாடக மேடைக்கு இந்தக் கவலை பழையது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அங்கே சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் ஆறு வயது டி.கே. சண்முகம். மகரக்கட்டு உடைந்தால் வேஷம் போய்விடும் என்ற பயத்தில், இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். அந்தக் கம்பெனிகளின் அடியையும் கட்டுப்பாட்டையும், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் அழுகையையும் நான் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் சுவாமிகளிடம் ஒன்றைக் கற்கலாம். சிறுவன் சண்முகத்தை மனதில் வைத்து 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்திருக்கிறார். தன்னிடம் இருக்கும் பிள்ளையைத் தெரிந்துகொண்டு, அவன் தொண்டைக்கும் வயதுக்கும் ஏற்றபடி பாட்டெழுதுவது அது. பள்ளி நாடகத்தில் நமக்கு அந்தச் சுதந்திரம் முழுதாக இருக்கிறது. பாட்டை ஒரு கட்டை இறக்கலாம். வசனத்தைக் குறைக்கலாம். ஒரு வேஷத்தை இரண்டாகப் பிரிக்கலாம். எழுதி முடித்த நாடகத்துக்கு ஏற்ற பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அது சுலபம்.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. தேர்வு எப்போது நடக்கிறது? வகுப்பு முடிந்த பிறகு. வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து அதற்காகக் காத்திருக்காது. அதை விட்டால் இருட்டில் மலைப்பாதை. பெண் பிள்ளை என்றால் வீட்டில் நெஞ்சு பதறும். அதனால் மாலை நாலரைக்குத் தேர்வு என்று பலகையில் எழுதிய அந்த நிமிடமே மலைப் பிள்ளைகளைக் கழித்துவிட்டோம். அவர்கள் பெயர் கொடுக்காததைப் பார்த்து, "மலைப் பசங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல" என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். மரவள்ளிக் காட்டிலும் சாமைக் காட்டிலும் அம்மா அப்பாவோடு பாடிக்கொண்டே வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது. பெற்றோர் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ மாதக்கணக்கில் தோட்ட வேலைக்குப் போய்விடும்போது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கும் வருகிற பிள்ளைகள் இவர்கள். தேர்வைப் பகலில், பாட வேளையில் வைத்தால் வருவார்கள். எங்கள் பள்ளியில் வந்தார்கள்.

எனக்கு வருகிற மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நேரம் எங்கே இருக்கிறது என்பது. நாடகப் போட்டிக்கு எப்படியும் ஒத்திகை பார்க்கத்தான் போகிறோம். அந்த ஒத்திகையின் முதல் பகுதியை எல்லாருக்கும் திறந்துவிட்டால் போதும். கூடுதல் நேரம் பெரிதாகத் தேவைப்படாது. தவறாகப் போட்ட வேஷங்களைக் கடைசி வாரத்தில் மாற்றி அலைகிற நேரமும் மிச்சம்.

இரண்டாவது, ஜெயிக்க வேண்டாமா என்ற கேள்வி. வேண்டும். என் பிள்ளைகள் மாவட்ட மேடையில் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் முதல் நாளில் நன்றாகப் பாடுகிறவளும் முப்பதாம் நாளில் நன்றாகப் பாடுகிறவளும் பல நேரம் வேறு வேறு ஆள். போட்டி நடப்பது முப்பதாம் நாளில். ஜெயிக்க விரும்புகிறவர்தான் முதல் நாள் பட்டியலை நம்பக் கூடாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. வாத்தியார் பார்த்து முடிவு செய்வது என்றால் அங்கே பாரபட்சம் வராதா? வரும். கூத்து ஜமாக்களில் வந்திருக்கிறது. குடும்பத்துக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே வேஷம் சுற்றியிருக்கிறது. பெண்களுக்குக் களரியில் இடமே இருந்ததில்லை; திரௌபதியும் சுபத்திரையும் ஆண்கள் கட்டிய வேஷம்தான். இதை மாற்றிக் காட்டியவர்களும் கூத்துக்காரர்களே. பி. ராஜகோபால் முன்னின்று நடத்திய காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்து சங்கம், தன் குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கூத்து கற்றுக்கொடுத்து, பெண்களைக் கட்டை வேஷத்தில் மேடையேற்றியது. கூத்தின் கற்பிக்கும் முறையை எடுத்துக்கொண்டு அதன் மூடிய கதவை விட்டுவிட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. பாரபட்சத்துக்கு மருந்து ஒருவர் முடிவை மூவர் முடிவாக்குவதும், எதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்வதும். ஒரு நிமிடத் தேர்விலும் பாரபட்சம் இருக்கிறது; அது பணத்தின் பக்கமும் பேருந்து வசதியின் பக்கமும் சாய்ந்திருக்கிறது. யாரும் அதைப் பாரபட்சம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

என் கோரிக்கைகள் இவை. கலைத் திருவிழாவுக்கான பாட்டு, நாடகக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் முன், பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்தது 10 நாள் பொதுப் பயிற்சி தர வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கையிலேயே சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும். மலைப் பகுதிப் பிள்ளைகள் படிக்கும் எல்லாப் பள்ளிகளிலும் இது கட்டாயமாக வேண்டும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் அங்கேயே தங்கியிருப்பதால் இன்னும் நன்றாகச் செய்யலாம்.

உள்ளூர்க் கூத்து வாத்தியார்களையும் பின்பாட்டுக்காரர்களையும் முகவீணைக்காரர்களையும் இந்தப் பயிற்சிக்கு அழைக்க வேண்டும், மதிப்பூதியத்தோடு. பங்குனியில் தொடங்கும் கூத்து ஆடி கழிந்ததும் குறைந்துவிடும். பிறகு பலர் கரும்பு வெட்டவும் கூலி வேலைக்கும் போகிறார்கள். பள்ளிகளில் கலைப் போட்டி சூடுபிடிப்பது அதற்குப் பிந்திய மாதங்களில்தான். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. இசை ஆசிரியர் இல்லாத பள்ளிகள் எத்தனையோ இருக்கும்போது, வாரத்துக்கு மூன்று அரைநாள் வந்து போகும் என்னைப் போன்றவர்கள் மட்டும் போதாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வருகிற ஆசான்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுருதி பார்த்த பிறகே பாடச் சொல்லுங்கள். மகரக்கட்டு உடைகிற பையனை அந்த வருடம் தாளத்திலோ வசனத்திலோ வைத்திருங்கள், குழுவை விட்டு அனுப்பாதீர்கள். விளையாட்டோ ஆட்டமோ கலந்த நாடகம் என்றால் உடற்கல்வி ஆசிரியரையும் தேர்வில் உட்கார வையுங்கள். மூச்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. வேஷம் கிடைக்காத பிள்ளைக்குப் பின்பாட்டில் இடம் கொடுங்கள். அது ஆறுதல் பரிசு அல்ல. கூத்தில் அடுத்த வேஷக்காரர் அந்தப் பெஞ்சிலிருந்துதான் எழுந்து வருவார்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். உங்கள் மகளின் பெயர் பட்டியலில் வரவில்லை என்றால், "உனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிவிடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் போய், "என் பிள்ளைக்கு எத்தனை நாள் கற்றுக்கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். கணக்குப் பாடத்தை நடத்தாமல் கணக்குப் பரீட்சை வைத்தால் கேட்பீர்கள் அல்லவா? பாட்டுக்கும் நாடகத்துக்கும் அதே நியாயம் வேண்டும். இந்தக் கேள்வியைப் பத்துப் பெற்றோர் கேட்டால், அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் தேர்வு நடக்கும் விதம் மாறும்.